ஆத்தாளுக்குப் புதுத் தண்ணீர்

இன்று சாயங்காலம் நம் தெருவுக்குக் கொசுப்புகை அடிக்க வந்தார்கள், மதினி. முதலில் தெருமுனையில் அந்த இயந்திரத்தின் உறுமல் கேட்டது. வரிசையாக வீட்டுச் சன்னல்களைச் சாத்தினார்கள். சோற்றுப் பானையை மூடச் சொல்லி யாரோ கத்தினார்கள். நான் மட்டும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீசலும் மருந்தும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. எதிர்வீடு மறைந்தது, எதிர்வீட்டு ரம்புத்தான் மரம் மறைந்தது, அதற்கும் பின்னால் இருக்கும் சுண்ணாம்பு மலையும் மறைந்தது. எல்லாம் வெள்ளையாகிப் போன அந்த இடத்தில் என் கண் உன்னைத் தேடியது. நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புகைக்குள்ளேயே நடந்து வருவாய். "மேகத்துல போற மாரி இருக்கு மதினி, கேட்டாலும் கெடைக்காது" என்பாய். இருமிக்கொண்டேதான் சொல்வாய்.

உள்ளேயிருந்து என்னைத் திட்டினார்கள். நான் நகரவில்லை. புகை கலைய நேரமாகும், அதுவரை உன்னோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. பேசியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எந்த முறையில் நாம் மதினிகள் ஆனோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணமாகி அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த மறுநாள், நாம் குடியிருந்த லயத்து வரிசைவீட்டின் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து "மதினி, தீப்பெட்டி இருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. சுவரில் ஒரு பலகை இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியாகத் தீப்பெட்டி உன்னிடம் வந்தது, அதன் வழியாகவே கருவாட்டுத் துண்டு எனக்கு வந்தது. உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உன் விரல்களைத்தான் பார்த்தேன். ரப்பர்ப் பால் காய்ந்து நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்த விரல்கள்.

அந்தத் தோட்டத்துக் காலை எனக்கு இன்னும் கனவில் வருகிறது. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரங்களுக்கு இடையே நடப்போம். பனிமூட்டத்தில் நீ தெரியமாட்டாய், உன் விளக்கு மட்டும் மரத்துக்கு மரம் நகரும். கொசு காதைச் சுற்றிப் பாடும். வேலை முடிந்து பால் எடுத்த பிறகு பால் வடிகிற மங்கு ஒவ்வொன்றையும் துடைத்து, மரத்துக் கம்பியில் கவிழ்த்து வைத்துவிட்டு வருவோம். பீங்கானில் செய்த பால் மங்கு. மழை பெய்தால் மறுநாள் பாலில் தண்ணீர் சேரக் கூடாது என்பதற்காகத்தான் கவிழ்த்தோம். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று நாம் யோசித்ததில்லை.

மருந்து அடிக்கிற நாள் நினைவிருக்கிறதா? மலேரியாக்காரர்கள் முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள். லயமே வெளியே வந்து நிற்கும். பாய், தலையணை, பானை சட்டி, அழுகிற குழந்தை, கூண்டோடு கோழி எல்லாம் முற்றத்தில் கிடக்கும். நீ எல்லாவற்றுக்கும் முன்னால் மாரியம்மன் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய், புடவையால் மூடி, பச்சைக் குழந்தையை எடுத்து வருவதுபோல. அவர்கள் போன பிறகு சுவரெல்லாம் வெள்ளைத் திட்டாக இருக்கும். மற்றவர்கள் அதைக் கழுவிவிடுவார்கள். நீ கழுவ விடமாட்டாய். சாக்கடையையும் நீதான் வாருவாய், உன் வீட்டுக்கு முன்னால் மட்டும் இல்லை, என் வீட்டுக்கு முன்னாலும், அடுத்த வீட்டுக்கு முன்னாலும். உன்னைக் 'கங்காணி' என்று கிண்டல் செய்தோம். அந்தச் சுத்தத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நம் இரண்டு குடும்பமும் மட்டும் ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகைவீட்டு வரிசையில் வந்து சேர்ந்தோம். எனக்குப் பழைய அதிர்ஷ்டம், மறுபடியும் நீ அடுத்த வீடு. நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் மலை உடைக்கிற வேலைக்குப் போனார்கள். நாம் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனோம். சாயங்காலம் குட்டைத் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். உலர்ந்த பிஸ்கட் மணம் நம் தலைமுடியில் இருக்கும்.

வரிசைக்கு ஒரே ஒரு பொதுக்குழாய், அதிலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் எல்லார் வீட்டிலும் தோம்பு தோம்பாகத் தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். தோட்டத்தை விட்டு வரும்போது நீ நாலு பால் மங்குகளைப் புடவையில் முடிந்து கொண்டு வந்தாய். சாப்பாட்டு அலமாரியின் நாலு காலுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, எறும்பு ஏறாமல் இருக்க அதில் தண்ணீர் ஊற்றி வைத்தாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து வரிசையில் எல்லாரும் கிண்ணமும் தகர டப்பாவும் வைத்தார்கள். சாக்கடையை மட்டும் விடாமல் வாரினாய். கொசு அங்கேதான் பிறக்கிறது என்று நமக்குச் சொல்லியிருந்தார்கள், நாமும் நம்பினோம்.

அந்த வருஷம் ஈப்போவில் காய்ச்சல் பரவியது. டெங்குதான், டிங்கி என்றார்கள். சுகாதார இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்கார இளைஞர் கையில் டார்ச் விளக்கோடு வீடு வீடாக வந்தார். உன் வாசலில் வந்து நின்றதும் நீ இடுப்பில் கை வைத்தாய்.

"ருமா சாயா பெர்சே லா, என்சே!" என் வீடு சுத்தம் ஐயா என்று உனக்குத் தெரிந்த மலாயில் அடித்துப் பேசினாய்.

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து, உன் மங்குக்குள் விளக்கை அடித்தார். ஒரு சின்னப் போத்தலில் அந்தத் தண்ணீரை உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நூல் நூலாக, தலைகீழாகத் தொங்கி, நெளிந்து நெளிந்து மேலே வந்தன, கொசுவாகப் போகும் கூத்தாடிப் புழுக்கள். இந்தக் கொசு சாக்கடையில் முட்டை இடாது, சுத்தமான தண்ணீரில்தான் இடும், வீட்டுக்குள்ளேயே இருக்கும், பகலில் கடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுங்கள், மங்கில் உப்புப் போடுங்கள் என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "அழுக்கா இருந்தா நோய் வரும்னானுங்க, சரி. இப்ப சுத்தமா இருந்தாலும் வரும்னா எப்டி லா? உப்பு போடணுமாம். எறும்புக்கு ஊறுகாயா போடுறேன் நானு?" எல்லாரும் சிரித்தோம். மங்கில் திரும்பவும் தண்ணீர் ஊற்றினோம், தேய்த்துக் கழுவாமலேயே.

அடுத்த மாதம் என் மகள் செல்வி படுத்தாள். ஆறு வயது அவளுக்கு. இரண்டு நாள் உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் நெஞ்சில் சிவப்பாகப் பொரிந்தது. அதைப் பார்த்ததும் என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துருக்கா." அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, உனக்கும் வரவில்லை. நீதான் போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினாய். உன் பித்தளைச் செம்பைக் கொண்டு வந்து, தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, செல்வியின் தலைமாட்டில் வைத்தாய். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்தச் செம்பை யாரும் அசைக்கக் கூடாது. தாளிப்பு இல்லை, வெளியாள் இல்லை, மருந்து இல்லை, ஆஸ்பத்திரி என்ற பேச்சே இல்லை. இடையில் ஒரு நாள் புகை அடிக்க வந்தவர்கள், வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் தாங்களாகவே மரியாதையாக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. வேப்பிலை வாசம் மட்டும் நினைவிருக்கிறது. பலகை இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக உள்ளே விழும், அதில் தூசி மிதக்கும், ஒரு கொசு அந்த வெளிச்சத்துக்குள் வந்து வெளிச்சத்தை விட்டுப் போகும். செல்வி கண்ணை மூடிக்கொண்டே என்னென்னவோ பேசுவாள். நான் விசிறிக்கொண்டே இருப்பேன். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாது.

பிறகு ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்துவிட்டது. மாமியார் அழுதுவிட்டார். "ஆத்தா குளுந்துட்டா. வெள்ளிக்கெழம தண்ணி ஊத்திடலாம்" என்று சொல்லிவிட்டு வரிசையில் எல்லாருக்கும் சொல்லப் போனார். நானும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அவ்வளவு நிம்மதி.

மத்தியானம் வேலை முடிந்து, தலைக்குக் குளித்துவிட்டு நீ வந்தாய். அம்மை வீட்டுக்குள் குளிக்காமல் வரமாட்டாய். செல்வியின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டாய். திரும்பவும் தொட்டாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் உதட்டை விரலால் விலக்கினாய். ஈறு ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. தலையணையிலும் ஒரு பொட்டு. வேப்பிலைக் கொத்தை நனைத்துத் தெளிக்கலாம் என்று செம்புப் பக்கம் திரும்பிய நீ அப்படியே நின்றாய்.

"மதினி, இங்க வா. இத பாரு."

எட்டிப் பார்த்தேன். "வேப்பெலத் தூளு."

"தூளு நீந்துமா?"

போத்தலில் பார்த்த அதே கூத்தாடிகள், ஆத்தாளின் செம்பில்.

"அந்த என்சே காட்டுனது இதான். அம்மன்னா முத்துப் போடும், ஈறுல ரத்தம் வருமா? காலு ஐஸா இருக்கு மதினி. இது குளுந்தது இல்ல. தூக்கு புள்ளய."

அதற்குள் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு கையையும் விரித்து நிலையை மறித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பேத்தி மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாசத்தால்தான் மறித்தார். "தண்ணி ஊத்தாம படி தாண்டுனா ஆத்தா சும்மா வுடுவாளா? புள்ள கண்ணு போயிடும்டி!"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். நீ மாமியாரோடு சண்டை போடுவாய் என்று நினைத்தேன். போடவில்லை.

"அப்ப இப்பவே ஊத்திடுறேன், அத்த" என்றாய்.

அடுப்படிக்குப் போய்க் கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தாய். புதிதாக ஒரு வேப்பங்கொத்தை அதில் தொட்டு, என் தோளில் கிடந்த செல்வியின் உச்சியில் மெல்ல வைத்தாய். ஒரு சொட்டுதான் விழுந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினாய். "ஆத்தா, வந்த, இருந்த, போதும். ஒன்ன வழியனுப்புறேன். கோவம்னா என் மேல காட்டு. இந்தப் புள்ள மேல காட்டாத."

பிறகு அந்தச் செம்பை எடுத்தாய். மாமியார் "ஐயோ" என்றார். நீ வாசல் சிமெண்டில், உச்சி வெயிலில், தலைகீழாகக் கவிழ்த்தாய். மஞ்சள் தண்ணீர் பரவிக் காயத் தொடங்கியது. அதில் கூத்தாடிகள் துடித்தன. மாமியார் குனிந்து பார்த்தார். மறித்த கை தானாக இறங்கியது.

வரிசைக் கடைசியில் இருந்த காய்கறி வேன் சீனக் கிழவரை நீதான் கூப்பிட்டாய். நாம் அப்பேக் என்று கூப்பிடும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வேனுக்குள் கீரை வாசம். செல்வியின் தலை உன் மடியில், கால் என் மடியில். அவள் சன்னலைப் பார்த்து, "அத்த, மங்கெல்லாம் நடந்து போவுது" என்றாள். "போவட்டும்மா, வீட்டுக்குத்தான் போவுது" என்றாய் நீ. வெளியே மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அப்போதுதான், என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

"எனக்கு மொத ஒரு பொண்ணு இருந்துச்சு மதினி. நீ வரதுக்கு முன்ன. தோட்டத்துல, குளிர் காச்சல். நானும் வேப்பெல வச்சுகிட்டு உக்காந்துட்டேன்."

அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒரு முறைகூட நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் சுவர் மருந்தைக் கழுவ விடமாட்டாய், ஏன் ஊர்ச் சாக்கடையை எல்லாம் வாரினாய் என்று எனக்கு அந்த வேனில்தான் புரிந்தது. உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. என் இரண்டு கையும் குழந்தையின் காலைச் சூடாக்கத் தேய்த்துக்கொண்டிருந்ததால் பிடிக்கவில்லை. அந்தக் கையை நான் அன்று பிடித்திருக்கலாம், மதினி. இன்று புகைக்குள் நின்றபோதும் அதைத்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் சலைன் ஏற்றுவதுமாகப் பல நாள் கழிந்தது. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் இந்த நோயில் பயப்பட வேண்டிய நேரம் என்று டாக்டரம்மா சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் வெள்ளை வலை கட்டியிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அந்த வலைகளெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒரு காலையில் வலைக்குள்ளேயிருந்து செல்வி, "பசிக்குது, அத்தய ரொட்டி வாங்கியாரச் சொல்லு" என்றாள். அம்மாவைக் கேட்கவில்லை பார், அத்தையைத்தான் கேட்டாள். எனக்குப் பொறாமைப்படக்கூடத் தெம்பில்லை.

செல்வி பிழைத்தாள், நீதான் பயத்தில் கிடந்தாய். செம்பைக் கவிழ்த்ததற்கு ஆத்தா என்ன செய்வாளோ என்று பல மாதம் காத்திருந்தாய். விரல் சுட்டால் ஆத்தா, பஸ் தவறினால் ஆத்தா. பால்குடம் எடுத்தாய், அப்போதும் மனம் ஆறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வீடு கழுவும்போது, திடீரென்று விளக்குமாறோடு என் வாசலில் வந்து நின்றாய். முகம் தெளிந்திருந்தது.

"மதினி, நேத்து வச்ச தண்ணிய நீ குடிப்பியா?"

"மாட்டேன்."

"ஆத்தாளுக்கு மட்டும் வாரக்கணக்குல பழைய தண்ணி வைக்கலாமா? அவ கோவப்பட மாட்டாளா?"

அன்றைக்கு ஆரம்பித்தது உன் வெள்ளிக்கிழமைக் கவிழ்ப்பு. கொசு, முட்டை, டிங்கி என்று நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதைச் சொல்லத்தான் அந்த இளைஞர் வந்தாரே, நாம் சிரிக்கத்தானே சிரித்தோம். நீ வீடு வீடாகப் போய், "ஆத்தாளுக்குப் புதுத் தண்ணி வச்சாச்சா?" என்று மட்டும் கேட்டாய். சாமி செம்பு கழுவுகிறவள் அப்படியே பூச்சாடியையும் கழுவினாள், தோம்பையும் தேய்த்து மூடினாள், எறும்புக் கிண்ணத்தையும் கொட்டினாள். உன் நாலு மங்குகளையும் அலமாரிக் காலுக்கு அடியில் கவிழ்த்தே வைத்துவிட்டாய், தோட்டத்தில் மரத்தில் கவிழ்த்த மாதிரி. கோயில் அண்டாவையும் விடவில்லை. பண்டாரம் உன்னைக் கண்டாலே துடைப்பத்தைத் தேடுவார்.

அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். ஒவ்வொரு வீடாக விளக்கை அடித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஆச்சரியப்பட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று உன்னை 'மாச்சிக்', அத்தை என மரியாதையாக அழைத்துக் கேட்டார். நீ மேலே கையைக் காட்டினாய். அவர் கூரையைப் பார்த்தார், பாவம். உள்ளே கூப்பிட்டு அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாய். உன்னிடம் மன்னிப்பு என்பது தேத்தண்ணீராகத்தான் வரும்.

பிறகு நாம் இந்தத் தாமான் குடியிருப்பில் கல்வீட்டுக்கு வந்தோம். இங்கும் பக்கத்து வீடுதான், ஆனால் சுவரில் இடைவெளி இல்லை. இந்த வருஷம், தொழிற்சாலை பஸ்ஸில் சன்னலோரம் தலை சாய்த்த நீ இறங்கவேண்டிய இடத்தில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். தூங்குகிறாய் என்று நினைத்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

உன் வீட்டுக் கூடத்தில், உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில், ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தார்கள். அதே பித்தளைச் செம்பு. கருமாதி முடியும்வரை விளக்கு அணையக் கூடாது, செம்பை எடுக்கக் கூடாது. அதன் பக்கத்திலேயே சொந்தக்காரர்களோடு நானும் கிடந்தேன். நாள் கிழமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் செல்வி குளித்து ஈரத் தலையோடு வந்தாள். பதினாறு வயதுப் பெண். நேராகப் போய்ச் செம்பைக் கையில் எடுத்தாள். பெரியவர்கள் பதறினார்கள். "வையி, வையி! காரியம் முடியற வரைக்கும் எடுக்கப்படாது!"

அவள் செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் அது உன் குரல்தான். "இன்னைக்கு வெள்ளிக்கெழம. அத்தைக்குப் பழைய தண்ணி வைக்கலாமா?"

மூலையில், கண் சரியாகத் தெரியாமல் உட்கார்ந்திருந்த என் மாமியார்தான் வாயைத் திறந்தார். "வைக்கப்படாது. போ புள்ள, கொட்டிட்டுப் புதுசா புடிச்சு வையி."

வெளியே செம்பருத்திச் செடியில் அவள் தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறக்கிற சத்தம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

புகை கலைந்துவிட்டது, மதினி. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கருமாதிக்குப் பிறகு உன் மகன்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த நாலு மங்குகளையும் வாங்கி வந்தேன். இப்போது என் அலமாரிக் காலுக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. தண்ணீர் இல்லாததால் சர்க்கரை டப்பா வரைக்கும் எறும்பு ஏறுகிறது. ஏறட்டும் என்று விட்டிருக்கிறேன்.